ட்ரோபோனின் உயர்ந்தால் மாரடைப்புதானா? நுரையீரல் ரத்தக்கட்டி: ஒரு மகளின் கேள்விகள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கிடையாது. இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்த 18ஆம் நாள், குளியலறைக்குப் போய்த் திரும்பும்போது மூச்சு வாங்கி மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் நாடித்துடிப்பு 116, ரத்த அழுத்தம் 112/70, ஆக்சிஜன் 91 என்று குறித்திருக்கிறார்கள். சிடி ஆஞ்சியோவில் இரண்டு நுரையீரல்களிலும் ரத்தக்கட்டி. எக்கோவில் 'வலது இதயம் விரிந்திருக்கிறது' என்று வந்தது. ட்ரோபோனின் டி 68, என்டி-புரோபிஎன்பி 1,840, டி-டைமர் 6,200, கிரியேட்டினின் 0.9. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கொடுத்தார்கள். பிறகு ரிவரோக்ஸபான் 15 மி.கி. காலை, இரவு என்று 21 நாளுக்கு எழுதி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது.

எங்கள் ஊரில் வேறொரு மருத்துவரிடம் ரிப்போர்ட்டுகளைக் காட்டினோம். ட்ரோபோனினைப் பார்த்துவிட்டு, "இது லேசான மாரடைப்பு, ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும்" என்று சொல்லி ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் எழுதிக் கொடுத்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் அண்ணனோ, "கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடாமல் அனுப்பிவிட்டார்கள், அலட்சியம்" என்று கோபப்படுகிறார். பயத்தில் நான் வாராவாரம் டி-டைமர் எடுக்கிறேன். போன வாரம் 1,350; இந்த வாரம் வேறு லேபில் 2,600. இரட்டிப்பாகிவிட்டது. கட்டி மறுபடி வளர்கிறதா? 21 நாள் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? அடுத்த மாதம் வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. இவற்றில் எந்த எண்ணை நம்புவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இரண்டு அவசர விஷயங்கள். ஒன்று, 21 நாள் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தவே கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையான ரிவரோக்ஸபானை முதல் 21 நாள் 15 மி.கி. வீதம் இரண்டு வேளையும், 22ஆம் நாளிலிருந்து 20 மி.கி. ஒரே வேளையும் கொடுப்பதுதான் முறை. உங்களிடம் உள்ள சீட்டு முதல் கட்டத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. மாத்திரை தீர்வதற்கு இன்னும் சில நாள்களே இருக்கும். அதற்குள் சிகிச்சை அளித்த மருத்துவரைப் பார்த்து அடுத்த கட்டத்துக்கான சீட்டை வாங்கிவிடுங்கள். சீட்டு முடிந்தது, மருந்தும் முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிட்டு, இரண்டாவது கட்டியோடு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. 15, 20 மி.கி. அளவுகளை உணவோடு எடுத்தால்தான் மருந்து முழுமையாக ரத்தத்தில் சேரும்.

இரண்டு, ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரலையும் இன்னும் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லதாகப் போயிற்று. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை முழு அளவில் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டையும் சேர்த்தால், வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் சிலருக்கு இப்படிச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதற்குத் தெளிவான காரணமும் கால அளவும் இருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்திட்ட மருத்துவரிடம் கேட்காமல் இவற்றைத் தொடங்க வேண்டாம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை ஏதும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. மூட்டு அறுவை முடிந்த வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். அதுவும் ரத்தக்கசிவைத் தூண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி ட்ரோபோனினுக்கு வருவோம். உங்கள் குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ட்ரோபோனின் இதயத் தசை செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். தசை ஏன் காயப்பட்டது என்பதை அது சொல்லாது. இதய ரத்தக்குழாய் அடைபட்டாலும் கசியும், இதயத் தசை அழற்சியிலும் கசியும், கடுமையான நோய்த்தொற்றிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் உயரும். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பிலும் உயரும். காரணத்தை ஈசிஜி, எக்கோ, சிடி ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் அந்தக் காரணம் சிடி படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். இதயத்தின் இடது கீழறை உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புவது. அதன் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். வலது கீழறை நுரையீரலுக்கு மட்டும் அனுப்பினால் போதும். அங்கே அழுத்தம் குறைவு. இடது பக்கம் 120 என்றால் வலது பக்கம் 25 அளவில்தான் இருக்கும். அதனால் வலது அறையின் சுவர் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். திடீரென்று நுரையீரல் தமனிகளில் கட்டி வந்து அடைத்தால், இந்த மெல்லிய சுவர் பழக்கமில்லாத அழுத்தத்தோடு மோத வேண்டியிருக்கிறது. அறை விரிகிறது. விரிந்த அறை நடுச்சுவரை இடது பக்கமாகத் தள்ளுகிறது. இடது அறையில் நிறையும் ரத்தம் குறைகிறது. உடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அம்மா மயங்கி விழுந்தது இதனாலாகவே இருக்கும். அதே நேரத்தில் வலது அறையின் தசைக்கும் ரத்தம் போதாமல் போகிறது. அந்தத் தசையிலிருந்து கசிந்ததுதான் 68 என்ற எண். 75 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, ட்ரோபோனின் டி-யின் அதிநுண் பரிசோதனையில் 14-க்கு மேல் போனால் நுரையீரல் அடைப்பில் அபாயக் குறி என்று எடுத்துக்கொள்கிறோம். 75-ஐத் தாண்டியவர்களுக்கு 45. வயதானவர்களுக்கு இயல்பிலேயே அது சற்றுக் கூடி இருக்கும் என்பதால் இந்த வேறுபாடு.

மாரடைப்போடு ஒப்பிட்டால் நுரையீரல் அடைப்பில் ட்ரோபோனின் பொதுவாகக் குறைவாகவே ஏறும். சீக்கிரம் இறங்கியும் விடும். ஈசிஜியும் ஏமாற்றக்கூடியது. நெஞ்சின் முன்பக்கம் ஒட்டும் லீடுகளின் பதிவில் டி அலை என்ற வளைவு தலைகீழாவது இரண்டிலும் வரும். ஆகவே ஊர் மருத்துவர் சந்தேகப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிடியில் கட்டியும் எக்கோவில் வலது அறை விரிவும் தெளிவாக இருக்கும்போது, இந்த ஒரு எண்ணுக்காக மட்டும் ஆஞ்சியோகிராம் தேவைப்படாது. எக்கோ ரிப்போர்ட்டில் இடது அறையின் அசைவு சீராக இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இடது அறையில் ஒரு பகுதி மட்டும் அசையாமல் இருந்தாலோ, நடக்கும்போது நெஞ்சை அழுத்தும் வலி வந்தாலோ இதய நிபுணரிடம் அந்தக் கேள்வியைத் தனியாக எழுப்பலாம்.

என்டி-புரோபிஎன்பி வேறு செய்தி சொல்கிறது. இதயத் தசை இழுபட்டு விரியும்போது சுரப்பது அது. ட்ரோபோனின் காயத்தைக் காட்டும் என்றால் இது பளுவைக் காட்டும். நுரையீரல் அடைப்பில் 600 பிகோகிராம் என்ற எல்லையை வைத்துப் பார்ப்பது வழக்கம். 1,840 அதற்கு மூன்று மடங்கு. இங்கே அம்மாவின் கிரியேட்டினின் 0.9 என்று நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் உதவியது. சிறுநீரகம் பழுதானால் இந்த எண் அதனாலேயே ஏறும்; அவருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எக்கோ சொன்ன அதே சங்கதியை ரத்தமும் சொல்லியிருக்கிறது.

டி-டைமர் இந்த இரண்டோடும் சேராது. ரத்தக்கட்டியைப் பிணைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை உடல் அறுத்துக் கரைக்கும்போது வெளிவரும் துண்டுதான் அது. கட்டி இருக்க வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் கருதும் ஒருவரிடம், டி-டைமர் எல்லைக்குள் இருந்தால் "கட்டி இல்லை" என்று நம்பி வீட்டுக்கு அனுப்பலாம். அதன் பெரும் பயன் அதுதான். எல்லை பொதுவாக 500. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம், அதாவது உங்கள் அம்மாவுக்கு 640. ஆனால் உயர்ந்திருந்தால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அறுவைக் காயம் ஆறும்போதும், நோய்த்தொற்றிலும், புற்றுநோயிலும், கர்ப்பத்திலும் அது ஏறும். முழங்கால் மாற்றி மூன்று வாரம்கூட ஆகாதவருக்கு டி-டைமர் எப்படியும் உயர்ந்துதான் இருக்கும். மூச்சுத் திணறி மயங்கி வந்த அவரை நேரே சிடிக்கு அனுப்பியது சரி. 6,200 என்ற எண்ணால் சிகிச்சையில் எதுவும் மாறியிருக்காது.

இப்போது உங்கள் 1,350-க்கும் 2,600-க்கும் வருகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களிலும் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முதல் லேப் டிடியு என்ற அலகிலும் இரண்டாவது லேப் எஃப்இயு என்ற அலகிலும் கொடுத்திருக்கின்றன. ஒரு டிடியு ஏறக்குறைய இரண்டு எஃப்இயுவுக்குச் சமம். 1,350-ஐ இரட்டித்தால் 2,700. அதாவது இரண்டு வாரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அறவே ஏறவில்லை. மருத்துவமனையில் எடுத்த 6,200 எஃப்இயுவில் இருப்பதால், அதிலிருந்து பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. இது ஆறுதலாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் இந்த இறக்கத்தை வைத்தும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது வாராவாரம் டி-டைமர் பார்ப்பதை எந்த வழிகாட்டு நெறியும் சொல்லவில்லை. நிறுத்திவிடுங்கள். அந்தப் பணம் 20 மி.கி. மாத்திரை வாங்க ஆகட்டும்.

உங்கள் அண்ணனின் கோபத்துக்கு நான் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் மீதுள்ள பாசம்தான் அது. ஆனால் மருத்துவமனை அலட்சியமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நுரையீரல் அடைப்போடு ஒருவர் வந்ததும் முதலில் பார்ப்பது ரத்த அழுத்தம். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கிக் கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போய்விட்டால், அது உயர் அபாயம். அங்கே ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருப்பதில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி உடனே தேவை. அம்மாவின் அழுத்தம் 112. ஆக அந்த வகையில் அவர் இல்லை.

அடுத்து, குறைந்த அபாயமா என்ற கேள்வி. அதற்கு ஆறு விஷயங்கள் கொண்ட எளிய மதிப்பெண் முறை ஒன்று உண்டு: வயது 80-க்கு மேல், புற்றுநோய், நாட்பட்ட இதய அல்லது நுரையீரல் நோய், நாடி 110 அல்லது அதற்கு மேல், மேல் அழுத்தம் 100-க்குக் கீழ், ஆக்சிஜன் 90-க்குக் கீழ். ஒன்றுகூட இல்லாதவர்களில் 30 நாளுக்குள் இறப்பவர்கள் 100 பேரில் ஒருவர் அளவுதான். அம்மாவுக்கு நாடி 116. ஒரு மதிப்பெண் வந்துவிட்டது. ஆக்சிஜன் 91 என்பது ஒரு புள்ளியில் தப்பியிருக்கிறது. ஆகவே குறைந்த அபாயமும் இல்லை.

நடுவில் இருப்பவர்களை மேலும் பிரிக்கத்தான் ட்ரோபோனினும் எக்கோவும். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வலது அறை விரிவு, ட்ரோபோனின் உயர்வு ஆகிய இரண்டும் சேர்ந்து இருந்தால் 'இடைநிலையில் உயர்ந்த அபாயம்'; ஒன்று மட்டும் இருந்தாலோ இரண்டும் இல்லாவிட்டாலோ 'இடைநிலையில் குறைந்த அபாயம்'. அம்மாவுக்கு இரண்டும் இருந்தன. ட்ரோபோனினுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், 2007இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நுரையீரல் அடைப்பில் அது உயர்ந்தவர்களிடம் இறப்பு சுமார் 5 மடங்கு அதிகமாக இருந்தது. அதனால்தான் அவரை வார்டில் வைக்காமல் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணித்தார்கள். ரத்த அழுத்தம் சரியக்கூடிய நாள்கள் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு, மூன்று நாள்கள்தான்.

அப்படியானால் இவர்களுக்கு ஏன் ஊசி போடக் கூடாது? இதே கேள்வியைக் கேட்டு, அம்மாவைப் போலவே வலது அறை பாதிப்பும் ட்ரோபோனின் உயர்வும் இருந்த சுமார் 1,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெய்த்தோ என்று பெயர், 2014இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு டெனெக்டெப்ளேஸ் என்ற கரைக்கும் ஊசியும் ஹெப்பரினும், மீதிப் பேருக்கு ஹெப்பரின் மட்டும். ஏழு நாளுக்குள் இறந்தவர்கள் அல்லது ரத்த அழுத்தம் சரிந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.6 சதவீதம், போடாதவர்களில் 5.6 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் பக்கவாதம் வந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.4 சதவீதம், போடாதவர்களில் 0.2 சதவீதம், பெரும்பாலும் மூளையில் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதம். இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. அதன் பிறகுதான் இந்த வகை நோயாளிகளுக்கு எல்லாருக்கும் ஊசி போடுவதைக் கைவிட்டு, ஹெப்பரின் கொடுத்துக் கண்காணித்து, நிலைமை மோசமானால் மட்டும் போடுவது என்ற வழிக்கு வந்தோம்.

உங்கள் அம்மாவுக்கு இன்னொரு பெரிய தடையும் இருந்தது. அறுவை சிகிச்சையின் 18ஆம் நாள் அவர் வந்தார். மூன்று வாரத்துக்குள் பெரிய அறுவை நடந்தவருக்குக் கரைக்கும் ஊசி போடக் கூடாது என்பது கறாரான விதி. உயிர் போகும் நிலையில் மட்டும் அதை மீறி யோசிப்போம். மயங்கி விழுந்தபோது தலையில் அடிபட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தக் காலில் புது மூட்டு இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்தால் அதைத் திறக்க வேண்டி வரும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல் பொறுத்திருந்து, ஒவ்வொரு மணி நேரமும் அழுத்தம் பார்ப்பது எளிதான வேலை இல்லை. அந்த மருத்துவர்கள் செய்தது அதுதான். தயவுசெய்து அண்ணனுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

லாக்டேட், ஹெச்-எஃப்ஏபிபி, கோபெப்டின் என்று ரத்தத்தில் பார்க்கும் வேறு சில குறிகளும் உண்டு. லாக்டேட் 2-க்கு மேல் போனால் திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்று எச்சரிக்கையாவோம். அவசர சிகிச்சைப் பிரிவில் சில நிமிடங்களில் கிடைக்கும் என்பதால் நான் அதை விரும்பிப் பார்ப்பேன். மற்ற இரண்டும் பெரும்பாலான ஊர்களில் கிடைப்பதில்லை. அவை எடுக்கப்படாததால் அம்மாவின் சிகிச்சையில் குறை எதுவும் இல்லை.

எந்த எண்ணை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கும் நாளில் எடுத்த ட்ரோபோனினும் என்டி-புரோபிஎன்பியும் அந்த மூன்று நாளுக்கான அபாயத்தைச் சொன்னவை; அந்த மூன்று நாளை அம்மா கடந்துவிட்டார். இன்று அந்த 68 அவருக்குப் பொருந்தாது. இன்று பார்க்க வேண்டியவை உட்கார்ந்திருக்கும்போது அவருடைய நாடி, வீட்டுக்குள் நடந்தால் மூச்சு வாங்குகிறதா, காலில் புதிதாக வீக்கம் உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா என்பவைதான். மறுபடி திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், கடுந்தலைவலி, ரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் லேபுக்குப் போக வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ரத்தக் குறிகளுக்கு மீண்டும் வேலை வருவது மூன்று மாதம் கழித்துத்தான். நுரையீரல் அடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குக் கட்டி முழுவதும் கரையாமல் வடுவாகி, நுரையீரல் தமனி அழுத்தம் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவது அப்போதும் குறையாமல் இருந்தால், "வயசாகிவிட்டது, ஆபரேஷன் உடம்பு" என்று விட்டுவிடாதீர்கள். என்டி-புரோபிஎன்பி, ஈசிஜி, எக்கோ மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் என்டி-புரோபிஎன்பியும் ஈசிஜியும் இயல்பாக இருந்தால் இந்தச் சிக்கல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எக்கோவில் சந்தேகம் வந்தால் நுரையீரலின் காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் விக்யூ ஸ்கேன் தேவைப்படும். சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் அதை எடுக்கலாம்.

அறுவை சிகிச்சை என்ற தெளிவான தூண்டுதலால் வந்த கட்டி என்பதால், மூன்று மாத மருந்துக்குப் பிறகு பொதுவாக நிறுத்திவிட முடியும். அதை அந்தச் சந்திப்பில் மருத்துவர் முடிவு செய்வார்; நீங்களாக ஒரு நாள்கூட முன்னதாக நிறுத்த வேண்டாம்.

வலது முழங்கால் அறுவையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ள வேண்டாம். கட்டி வந்த முதல் மூன்று மாதத்தில் அவசரமில்லாத எந்த அறுவையையும் தள்ளிப்போட வேண்டும். அறுவைக்காக மருந்தை நிறுத்தும் அந்தச் சில நாள்களே மறுபடி கட்டி வரும் நாள்களாகிவிடக்கூடும். எலும்பு மருத்துவரை இந்த வாரமே தொலைபேசியில் அழைத்து, நுரையீரல் அடைப்பு வந்ததையும் ரிவரோக்ஸபான் ஓடுவதையும் சொல்லி, தேதியை ரத்து செய்துவிடுங்கள். பிறகு எப்போது செய்தாலும், அறுவைக்கு முன்னும் பின்னும் ரத்தம் உறையாமல் தடுக்க என்ன கொடுக்கப் போகிறார், எத்தனை நாள் கொடுக்கப் போகிறார் என்பதை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.